முறுக்கு பெட்டியில் போகட்டும், தோசைக்கல் பார்சலில் போகட்டும்: எடை கூடிய லக்கேஜுக்கு என்ன வழி?

டிக்கெட்டில் 30 கிலோ என்று போட்டிருக்கும். கூடத்தில் வைத்துத் தூக்கிப் பார்த்தால் தராசு 38 காட்டும். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் என்று எந்தப் பக்கம் போனாலும், பிள்ளையைச் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ அனுப்புகிற வீட்டில் கிளம்புவதற்கு முந்தின நாள் இந்த எட்டு கிலோ வந்து நிற்கும். அம்மா முறுக்கு டப்பாவை எடுக்க விடமாட்டார். நைனா வாங்கி வைத்த இரும்பு தோசைக்கல்லை விட்டுவிட்டுப் போக மனசு வராது. "கவுண்டர்ல பாத்துக்கலாம்பா, விட்ருவாங்க" என்று யாராவது ஒருவர் சொல்வார். அந்தப் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எட்டு கிலோவுக்கு வழிகள் நான்கு. விமான நிறுவனத்திடம் கூடுதல் எடையை முன்கூட்டியே வாங்கலாம். கவுண்டரில் போய்ப் பணம் கட்டலாம். கூரியரிலோ தபாலிலோ தனியாக அனுப்பலாம். ஹேண்ட் லக்கேஜுக்குள் திணிக்கலாம். நான்கையும் கிலோவுக்கு எவ்வளவு என்று மட்டும் ஒப்பிட்டால் தப்பான விடைதான் கிடைக்கும். ஒவ்வொரு பொருளும் எவ்வளவு இடம் அடைக்கிறது, உடையுமா, எரியுமா, தொலைந்தால் தாங்குமா என்று பார்த்துப் பிரித்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் டிக்கெட்டைப் பார்ப்போம், ஏனென்றால் எட்டு கிலோ கூடுவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் டிக்கெட் போடும் அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. வளைகுடா, சிங்கப்பூர் வழித்தடங்களில் பெரும்பாலும் மொத்த எடைக் கணக்கு. 30 கிலோ என்றால் அதை ஒரே பெட்டியாகவும் கொண்டு போகலாம், இரண்டாகவும் பிரிக்கலாம். அமெரிக்கா, கனடா போகிறவர்களுக்குப் பெட்டிக் கணக்கு. வழக்கமாக இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பெட்டி 27, இன்னொன்று 19 என்றால் கூட்டுத்தொகை 46 சரியாக வரும், ஆனாலும் 27 கிலோ பெட்டிக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். எந்தக் கணக்காக இருந்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. பணம் கட்டினாலும் அதை ஏற்றமாட்டார்கள், ஏனென்றால் அது பெட்டியைத் தூக்கி வைக்கும் தொழிலாளிகளின் முதுகுக்காகப் போட்ட விதி.

சிக்கன விமானங்களில் காட்டும் குறைந்த விலையில் செக்-இன் பெட்டியே இருக்காது. சென்னையிலிருந்து கோலாலம்பூர் போகும் ஏர் ஏசியாவில் அடிப்படை டிக்கெட்டுக்கு ஹேண்ட் லக்கேஜ் 7 கிலோ மட்டும்தான், பெட்டிக்குத் தனியாக வாங்க வேண்டும். ஆகவே இரண்டு விமானங்களின் டிக்கெட் விலையை ஒப்பிடும்போது, உங்களுக்கு வேண்டிய கிலோவையும் சேர்த்துப் போட்ட பிறகு வரும் தொகையை ஒப்பிடுங்கள். நாலாயிரம் ரூபாய் மலிவு என்று நினைத்தது அந்த இடத்தில் காணாமல் போய்விடும்.

இன்னொரு பொறி, தனித்தனியாக எடுக்கும் டிக்கெட். சென்னை–மும்பை ஒரு டிக்கெட், மும்பை–துபாய் வேறொரு டிக்கெட் என்று எடுத்தால் முதல் விமானத்துக்கு உள்நாட்டு விதிதான். அது பெரும்பாலும் 15 கிலோ. துபாய் டிக்கெட்டில் 30 இருக்கிறது என்று மீனம்பாக்கம் கவுண்டரில் காட்டிப் பயன் இல்லை. ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் இந்தச் சங்கடமே வராது.

சரி, டிக்கெட் போட்டாகிவிட்டது, எட்டு கிலோ கூடுதல். முன்கூட்டியே வாங்குவதா, கவுண்டரில் கட்டுவதா? இதற்கு ஒரே பதில்தான். விமான நிறுவனங்கள் 5 கிலோ, 10 கிலோ என்று கட்டுக்கட்டாக இணையத்தில் விற்கின்றன, புறப்படும் நேரத்துக்குச் சில மணி நேரம் முன்பு வரை வாங்கலாம். கவுண்டரில் கிலோ கணக்கில் வாங்கும் விலை அதைவிடத் தெளிவாகவே அதிகம். காசு ஒரு பக்கம் இருக்கட்டும், கவுண்டரில் எடை கூடினால் அங்கேயே தரையில் பெட்டியைப் பிரித்துப் போட்டு, பின்னால் வரிசை நிற்க, எதை விடுவது என்று பதறுவார்கள். அந்தப் பதற்றத்தில் கையில் வைத்திருக்க வேண்டியது பெட்டிக்குள் போகும், பெட்டியில் இருக்க வேண்டியது கைக்கு வரும், அப்புறம் பாதுகாப்புச் சோதனையில் அது குப்பைத் தொட்டிக்குப் போகும். கவுண்டர் என்ற வழியை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. பாரிமுனையில் கொக்கி வைத்த சின்ன டிஜிட்டல் தராசு கிடைக்கும். ஒரு தெருவுக்கு ஒன்று இருந்தால் போதும்.

பெட்டியின் சொந்த எடையையும் மறக்க வேண்டாம். பெரிய சைஸ் கெட்டி சூட்கேஸ் ஒன்றே நான்கு, ஐந்து கிலோ வரும், அதாவது 30 கிலோவில் ஆறில் ஒரு பங்கு வெறும் பெட்டி. நல்ல கெட்டி அட்டைப் பெட்டி ஒரு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். அதனால்தான் வளைகுடா போகிறவர்கள் கயிறு கட்டிய அட்டைப் பெட்டியை விடமாட்டேன் என்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உருண்டையான மூட்டை வேண்டாம். 2017 மார்ச் முதல் துபாய் விமான நிலையத்தில் ஒரு பக்கமாவது தட்டையாக இல்லாத லக்கேஜை எடுப்பதில்லை. போகும்போது எப்படியோ போய்விட்டாலும், திரும்பும்போது போர்வையைச் சுருட்டிக் கட்டிய மூட்டை அங்கே நிற்கும்.

இப்போது கூரியர். மண்ணடி, பாரிமுனைப் பக்கம் வெளிநாட்டுப் பார்சல் எடுக்கிற கடைகள் நிறைய. ராஜாஜி சாலையில் 1884-ல் கட்டிய தலைமைத் தபால் நிலையமும் நமக்குப் பக்கம்தான். அங்கே வெளிநாட்டு ஸ்பீட் போஸ்ட் இருக்கிறது. தபால் மெதுவாகப் போகும், விலையும் பெரும்பாலும் தனியார் கூரியரைவிடக் குறைவு. இரண்டுக்கும் அடையாள அட்டை நகல் வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று சுங்கப் படிவத்தில் எழுதித் தர வேண்டும்.

கூரியர் விலையைக் கேட்கும்போது கிலோவுக்கு இவ்வளவு என்பார்கள். அது நிஜமான கிலோவா, அளவுக் கிலோவா என்று உடனே கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில்தான் ஆயிரக்கணக்கான ரூபாய் இருக்கிறது. தனியார் கூரியர்களின் பொதுவான கணக்கு இது: பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். வருவது அளவுக் கிலோ. நிஜ எடை, அளவுக் கிலோ இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம்.

முறுக்கு, தட்டை, அப்பளம், வடாம் எல்லாம் சேர்த்து 50, 40, 40 சென்டிமீட்டர் அட்டைப் பெட்டி ஒன்று நிறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜ எடை 6 கிலோ. பெருக்கினால் 80,000, 5000-ஆல் வகுத்தால் 16. ஆறு கிலோ முறுக்குக்குப் பதினாறு கிலோ காசு! அதே பெட்டியை விமானத்தில் செக்-இன் செய்தால் அது வெறும் ஆறு கிலோதான். விமான நிறுவனம் பார்ப்பது மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகை பொதுவாக 158 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா என்பதை மட்டும். நம் பெட்டி 130 தான் வருகிறது.

தோசைக்கல், அரிவாள்மணை, கல்சட்டி, சின்ன அம்மி போன்றவற்றை 30, 30, 20 அளவுப் பெட்டியில் அடைத்தால் அளவுக் கிலோ 3.6. நிஜ எடை 8 கிலோ இருக்கும். இதற்குக் கூரியர்காரர் எட்டுக்குத்தான் வாங்க முடியும், காற்றுக்குக் காசு கொடுக்கவில்லை. அவசரமில்லாத பொருள், கெட்டுப்போகாது, நசுங்காது. கல்சட்டிக்கு மட்டும் சுற்றிலும் துணி வைத்துக் கட்டினால் போதும். பத்து நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தாலும் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை.

அதனால் என் பிரிப்பு இதுதான். இடத்தை அடைத்துக்கொண்டு எடை குறைவாக இருக்கிற பலகாரம் விமானத்தில் கூடவே போகட்டும். கனமும் அடக்கமுமான பாத்திரம், புத்தகம் எல்லாம் பார்சலில் போகட்டும். வழக்கமாக வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. கனமாக இருக்கிறது என்று பாத்திரத்தைப் பெட்டியின் அடியில் வைத்துவிடுவார்கள், கடைசியில் மிஞ்சும் முறுக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூரியர் கடைக்கு ஓடுவார்கள். பெட்டிக் கணக்கு டிக்கெட்டாக இருந்தால் இதில் ஒரு திருத்தம்: அங்கே முறுக்குப் பெட்டியும் ஒரு முழுப் பெட்டியாக எண்ணப்படும் என்பதால், 23 கிலோ நிறையும் வரை துணியையும் பொடிப் பாக்கெட்டுகளையும் அதிலேயே சேர்த்து அடைக்க வேண்டும். டப்பாவின் இடைவெளிகளில் துண்டும் பனியனும் திணித்தால் முறுக்கும் நொறுங்காது.

அமெரிக்காவுக்குப் பார்சல் அனுப்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 800 டாலர் வரைக்கும் இறக்குமதி வரி இல்லை என்று இருந்த சலுகையை அந்த நாடு 2025 ஆகஸ்டு 29 முதல் நிறுத்திவிட்டது. இந்தப் பக்கம் கட்டுவதோடு அந்தப் பக்கம் பிள்ளை எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்றும் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

ஹேண்ட் லக்கேஜைப் பலர் இலவசக் கிடங்காக நினைக்கிறார்கள். எகானமி வகுப்பில் பெரும்பாலும் ஒரு பை, 7 கிலோ, மூன்று பக்கமும் கூட்டினால் 115 சென்டிமீட்டர். இந்த ஏழு கிலோவில் இருக்க வேண்டியவை இல்லாமல் போனால் பயணமே நின்றுவிடும் பொருட்கள்: பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், சான்றிதழ்களின் அசல், மருந்தும் மருத்துவர் சீட்டும், நகை, லேப்டாப், ஒரு மாற்றுத் துணி. இவை போக மீதி இடம் இருந்தால்தான் பலகாரம்.

பவர் பேங்க் கட்டாயம் கையில்தான் வர வேண்டும், பெட்டியில் போடவே கூடாது. லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால், ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கண்ணில் பட்டு உடனே அணைக்கலாம். அடியில் லக்கேஜ் அறையில் பிடித்தால் யாருக்குத் தெரியும்? அளவு 100 வாட்-அவர் (பேட்டரி சேமித்து வைக்கும் மின்சாரத்தின் அளவு) வரை. மில்லி ஆம்பியர் கணக்கில் எழுதியிருந்தால் 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 20,000 என்றால் 74, பிரச்சினை இல்லை. 30,000 என்றால் 111, விமான நிறுவனத்திடம் முன் அனுமதி வேண்டும். பர்மா பஜாரில் அளவே அச்சிடாமல் விற்கும் பவர் பேங்கை வாங்கிக்கொண்டு போகாதீர்கள், எழுத்து இல்லை என்றால் சோதனையில் பிடுங்கி வைத்துக்கொள்ள அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். விமானத்துக்குள் பயன்படுத்துவதற்கும் இப்போது கட்டுப்பாடு வந்திருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதல் பறக்கும்போது பவர் பேங்கில் போன் சார்ஜ் செய்வதைத் தடுத்திருக்கிறது. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் முதல் ஒருவருக்கு ஒன்று மட்டும் கொண்டுவரலாம், பயன்படுத்தக் கூடாது என்கிறது. விமானம் நிரம்பி, கடைசி நேரத்தில் வாசலில் வைத்து உங்கள் கைப் பையை வாங்கி அடியில் போடச் சொன்னால், பவர் பேங்கையும் பாஸ்போர்ட்டையும் மருந்தையும் வெளியே எடுத்த பிறகே பையைக் கொடுங்கள்.

சர்வதேசப் பயணத்தில் கையில் கொண்டுபோகும் திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் அளவு ஒளி ஊடுருவும் பைக்குள் அடங்க வேண்டும். பாட்டில் பாதி காலி என்பது கணக்கில் வராது, பாட்டிலின் கொள்ளளவுதான் கணக்கு. நம் வீட்டுக் கண்ணுக்குத் திரவமாகத் தெரியாத பலதும் சோதனைச் சாவடியில் திரவம்தான்: தக்காளித் தொக்கு, ஊறுகாய், நெய், புளிக்காய்ச்சல். இவை எல்லாம் செக்-இன் பெட்டிக்கு. மிளகாய்த்தூளையும் கையில் வைக்க வேண்டாம், கண்ணில் தூவும் பொருள் என்றுதான் பாதுகாப்புக்காரர்கள் அதைப் பார்ப்பார்கள். தேங்காய்த் துருவி, கத்தி, அரிவாள்மணை எல்லாம் சொல்லவே வேண்டாம், பெட்டிதான். பொடி தடவி எண்ணெய் விட்டு இலையில் மடித்த இட்லிக்கு எந்தத் தடையும் இல்லை. மீனம்பாக்கத்தில் காத்திருக்கும் மூன்று மணி நேரத்துக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

சில பொருட்களுக்கு நான்கு வழியும் கிடையாது. கொப்பரையை எந்தப் பெட்டியிலும் ஏற்றமாட்டார்கள். அதில் இருக்கும் எண்ணெய் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் அபாயகரமான பொருட்களின் பட்டியலில் அது இருக்கிறது. முழுத் தேங்காயைக் கையில் கொண்டுபோக அனுமதி இல்லை. 2024 அக்டோபரில் சபரிமலை பக்தர்களின் இருமுடிக்கு மட்டும், அந்தப் பருவம் முடியும் வரை விலக்கு கொடுத்தார்கள் என்பதிலிருந்தே அந்த விதி எவ்வளவு இறுக்கமானது என்று புரியும். வடிவுடையம்மன் கோயிலில் உடைத்த தேங்காயை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு, குங்குமத்தை மட்டும் சின்னப் பொட்டலமாக எடுத்துப் போவது நல்லது. தீப்பெட்டி, லைட்டர், பட்டாசு, கட்டிக் கற்பூரம் எதுவும் வேண்டாம்.

இதைவிட முக்கியமானது சேரும் நாட்டின் சட்டம். நம் ஊரில் மளிகைக் கடையில் கிடைக்கும் கசகசா ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் சட்டத்தில் மாட்டிவிடும் பொருள். குருமாவுக்கு அரைக்க அம்மா வைத்துக் கொடுத்த சின்னப் பாக்கெட் ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடும். கடையில் கலந்து வாங்கிய கரம் மசாலாவிலும் இருக்கலாம், பாக்கெட்டின் பின்னால் படித்துப் பாருங்கள். துபாய்க்கு வெற்றிலையும் பான் வகையும் கூடாது. சிங்கப்பூருக்குச் சூயிங்கம், வாயில் அடக்கும் புகையிலை, மின்சிகரெட் மூன்றும் கூடாது. அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை கூடாது. அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, அதில் ஒட்டி வரும் பூச்சி அவர்களுடைய ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும். ஆஸ்திரேலியாவுக்கு எந்த உணவைக் கொண்டுபோனாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதினால் மிஞ்சிப் போனால் பொருளை எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம். வலி மாத்திரை, இருமல் மருந்து, தூக்க மாத்திரை கொண்டுபோவோர் அந்த நாட்டின் மருந்துப் பட்டியலைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

காசிமேட்டுக் கருவாடு பற்றி எல்லோரும் கேட்பார்கள். விமானப் பாதுகாப்பு விதியில் அதற்குத் தடை இல்லை. ஆனால் நாற்றம் வெளியே வந்தால் விமான நிறுவனம் பெட்டியை மறுக்கலாம். நன்றாகக் காய்ந்ததாக வாங்கி, காற்றை உறிஞ்சி மூடும் பாக்கெட்டில் போட்டு, அதை இன்னொரு உறையில் வைத்து, மீன் பொருளை அனுமதிக்கும் நாடுதானா என்று பார்த்த பிறகு பெட்டியில் வையுங்கள். கூரியரில் அனுப்பாதீர்கள். வழியில் எங்காவது வெயிலில் தேங்கினால் அந்தக் கருவாடு வீணாகும், மற்றவர் பார்சலும் வீணாகும்.

தொலைந்தால் என்ன கிடைக்கும் என்பதும் இந்த ஒப்பீட்டில் சேர வேண்டும். சர்வதேசப் பயணத்தில் விமான நிறுவனம் எவ்வளவு ஈடு தர வேண்டும் என்று சொல்லும் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, ஒரு பயணிக்கு அதிகபட்சம் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) என்பது 2024 டிசம்பர் 28 முதல் உள்ள உச்சவரம்பு, நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். உள்நாட்டில் 20,000 ரூபாய்தான். அதுவும் நஷ்டத்தைக் காட்டினால். நகையையும் பணத்தையும் பெட்டியில் வைத்தவருக்கு இந்தத் தொகை ஆறுதல் தராது. பெட்டி வரவில்லை, உடைந்து வந்தது என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே விமான நிறுவனக் கவுண்டரில் புகார் எழுதி அதன் எண்ணை வாங்கிவிடுங்கள். சேதத்துக்கு எழுத்துப் புகார் 7 நாளுக்குள், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்து 21 நாளுக்குள். பூட்டுவதற்கு முன் திறந்த பெட்டியை ஒரு போட்டோ எடுத்து வைத்தால் உள்ளே என்ன இருந்தது என்று சொல்ல எளிது.

உள்நாட்டுப் பயணம் என்றால் கேள்வியே மாறிவிடுகிறது. டெல்லிக்கோ புனேவுக்கோ குடிபோகிறவர் 15 கிலோவோடு மல்லுக்கட்ட வேண்டாம். ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 40 கிலோ வரை இலவசம், இரண்டடுக்கு ஏசியில் 50. சென்ட்ரல் நமக்கு எட்டும் தூரம். சாமான் ரயிலில், ஆள் விமானத்தில் என்று பிரிந்தும் போகலாம், சென்ட்ரலில் பார்சல் புக்கிங் இருக்கிறது.

பெட்டி தயாராகிவிட்டது, அதை மீனம்பாக்கம் கொண்டுபோவது எப்படி என்பதிலும் நமக்குத் தேர்வு இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை ஆட்கள் வண்டி மாறாமல் விமான நிலையத்திலேயே போய் இறங்கலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஐம்பது ரூபாய்க்குள். ஒரு ஆளுக்கு ஒரு பெட்டி என்றால் மெட்ரோதான், லிஃப்ட் இருக்கிறது, நேரமும் தப்பாது. இரண்டு பெரிய பெட்டியும் கூடவே வழியனுப்ப ஐந்து பேரும் என்றால் வண்டி எடுங்கள். ஆனால் வளைகுடா, சிங்கப்பூர் விமானங்கள் பலவும் நள்ளிரவுக்கு மேல் கிளம்புகின்றன. மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் நின்றுவிட்டு விடியற்காலை 5 மணிக்குத்தான் தொடங்கும். இரண்டு மணி விமானத்துக்குப் பத்து மணி மெட்ரோ சரியாக இருக்கும், ஐந்தரை மணி விமானத்துக்கு வண்டியைத் தவிர வழியில்லை. எண்ணூர் பக்கத்திலிருந்து வருவோர் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசையைக் கணக்கில் வைத்து ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்ப வேண்டும், இரவென்றால் ரோடு காலியாக இருக்கும் என்ற நம்பிக்கை அந்தச் சாலையில் செல்லாது. கும்மிடிப்பூண்டி ரயிலில் பீச் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து தாம்பரம் வண்டியில் விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலத்தில் இறங்குவது மலிவு, ஆனால் பெட்டியோடு படி ஏறி இறங்க வேண்டும். கைப் பை மட்டும் இருப்பவருக்கு அது போதும்.